மூச்சு விடாத படங்கள்

சித்தியின் குரலை எங்கள் ஊரில் பாதிப் பேராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருபத்தெட்டு வருஷமாக அவள் சொல்லிவருவது ஒரே வசனம்தான். "நல்லா மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க." தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு 'டிக்'. பிறகு, "ம், விடுங்க."

அந்தக் குரலில் அதட்டல் இல்லை. ஆனால் கேட்டவர்கள் மறப்பதில்லை. கடைத்தெருவில் அவள் பின்னால் வந்து "கொஞ்சம் நகருங்க" என்று சொன்னபோது முன்னால் நின்ற ஒருவர் நகராமல் தோளை நிமிர்த்தி மோவாயை உயர்த்தியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது, பாவம்.

சித்திக்கு இன்னொரு வசனமும் உண்டு. படம் எடுத்து முடித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எல்லோரும் கேட்பார்கள்: "என்னம்மா தெரியுது?" அவளுக்குத் தெரியும். திரையில் வந்த மறுநொடியே தெரியும். ஆனால் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. அதனால், "டாக்டர் சொல்லுவாங்க" என்பாள். நல்லது தெரிந்தாலும் அதே முகம், கெட்டது தெரிந்தாலும் அதே முகம். அந்த முகத்தை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

நான் சித்தி வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது, தங்க இடமில்லை. சித்தியின் மகள், என் தங்கை, அதற்குச் சில வாரம் முன்புதான் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்தால் வரும் ஊர். அவள் அறையில் என்னைப் போட்டார்கள். நான் நடப்பது யாருக்கும் கேட்பதில்லை என்று சித்தி எனக்குப் 'பூனை' என்று பெயர் வைத்தாள்.

வீட்டின் கீழ்ப்பகுதியில் சித்தப்பாவின் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டார்கள் அவரிடம் வரும். கருகிய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் கட்டுவார்; அந்தச் சுருளுக்குக் 'காயில்' என்று பெயர். ஒவ்வொரு மோட்டாருக்கும் சுற்றுக் கணக்கு உண்டு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மறுபடி எரியும். அதனால் எண்ணும்போது பேச மாட்டார். யார் கூப்பிட்டாலும் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். அந்த விரலுக்கு எதிரே சித்தியும் நானும் மட்டுமல்ல, கடைக்கு வருகிற எல்லோருமே காத்து நின்றிருக்கிறோம்.

வேலைக்குப் போகிற விஷயத்தைத் தங்கை அவரிடம் சொன்னபோதும் அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தாராம். விரலைத் தூக்கினார். அவள் நின்றாள். சுற்றி முடித்து, முனையை நறுக்கி, முடிச்சுப் போட்டுவிட்டு, "போகணுமா?" என்றார். "போகணும்ப்பா" என்றாள். "சரி" என்று சொல்லி அடுத்த காயிலை எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு 'சரி'யை அம்மாவும் மகளும் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். கோபத்தில் சொன்ன சரியா, வருத்தத்தில் சொன்ன சரியா, போய்த் தொலை என்ற சரியா. போனில் பேசினாலாவது தெரியும் என்று பார்த்தால், சித்தப்பாவுக்குப் போனில் மூன்று வாக்கியம்தான். "சாப்பிட்டியா? உடம்பு பரவால்லையா? இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்." காதில் போனை வைத்திருக்கும் நேரத்தைவிட அதைக் கையில் வாங்கும் நேரம் அதிகமாக இருக்கும்.

முதல் சம்பளத்தில் தங்கை அம்மாவுக்கு ஒரு கேமரா வாங்கி அனுப்பினாள். சித்தி ரொம்ப நாளாக ஆசைப்பட்டது. "உள்ள எடுத்து எடுத்து அலுத்துப் போச்சுடா. தோலுக்கு வெளியவும் மனுஷன் இருக்கான் இல்ல?" என்பாள். பெட்டியைப் பிரித்த அன்றே சித்தப்பாவைக் கடைச் சுவரில் சாய்த்து நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். நான் அதைக் கைபேசியில் ஏற்றிக் கொடுக்க, மகளுக்கு அனுப்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "அம்மா, அப்பாவுக்கு இன்னும் கோபம் போகலையா?"

படத்தை எடுத்துப் பார்த்தோம். மோவாய் மேலே, தோள் இரண்டும் முன்னே, கன்னம் உப்பி, கண் பிதுங்கி, யாரையோ அடிக்கக் கிளம்பியவர் மாதிரி சித்தப்பா நின்றார். சித்தி விடவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் ஜன்னலோரம் உட்கார வைத்து ஒன்று, வெள்ளைச் சட்டை போட்டு ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று. எல்லாவற்றிலும் அதே முகம். நான்காவது படத்துக்குப் பிறகு தங்கை எழுதினாள்: "இனிமே அனுப்ப வேணாம்மா. பாத்தா அழுகையா வருது. ரெண்டு மாசம் கழிச்சுப் பத்து நாள் லீவு இருக்கு. வரலாமா வேணாமான்னு யோசிக்கறேன். நான் வந்து அவரு இப்படியே மூஞ்சியை வெச்சுக்கிட்டு இருந்தா எனக்குத் தாங்காது."

சித்தி அதை என்னிடம் இரண்டு முறை படித்துக் காட்டினாள். பிறகு கீழே இறங்கிப்போய், "உங்களுக்கு அவ மேல கோபமா?" என்று கேட்டாள். "எனக்கென்ன கோபம்?" என்றார் சித்தப்பா. வாடிக்கையாளரிடம் "பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிற அதே குரல். அதை வைத்து ஒன்றும் முடிவுக்கு வர முடியாது.

அந்த வாரம்தான் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைச் சித்தி பார்த்தாள். புதிதாகக் கற்பவர்களுக்கான புகைப்பட வகுப்பு, எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. "எனக்குப் படம் எடுக்கத் தெரியல, அதான் விஷயம். கத்துக்கிட்டா முகத்தைச் சரியா எடுத்துடலாம். நீயும் வா பூனை. சும்மா கவிதைப் புத்தகத்தை மூஞ்சிக்கு மேல கவுத்துட்டுப் படுத்திருக்கிறதுக்கு வந்து உக்காரு." பேரைக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

நூலகத்தின் மாடியில் நீளமான அறை. ஒரு பக்கம் பழைய நாளிதழ்க் கட்டுகள், மறுபக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள். டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பள்ளிக்கூடங்களில் வகுப்பு வகுப்பாக நிற்க வைத்துப் படம் எடுப்பது அவள் தொழில். அதனால் ஐம்பது பேரை ஒரே பார்வையில் அடக்கிவிடுவாள். நாங்கள் ஒன்பது பேர்தான். ஒரு பஸ் டிரைவர், ஒரு பேக்கரிக்கார அக்கா, சில மாணவர்கள், நாங்கள் இருவர்.

முதல் நாளே டீச்சர் ஒரு விதியைச் சொன்னாள். யாருடைய படத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் குறை நிறை எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது, "அன்னிக்கு மேகமா இருந்துச்சு" என்று சாக்குச் சொல்லக் கூடாது. "படத்துக்குப் பக்கத்துல நீங்க போய் நின்னு பேசிட்டே இருக்க முடியாது. அது தானாப் பேசணும்" என்றாள். அதற்கு வாய்ப்பூட்டு நாற்காலி என்று டிரைவர் பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

முதல் பயிற்சி, பக்கத்தில் இருப்பவரின் முகத்தை எடுப்பது. சித்திக்குப் பேக்கரிக்கார அக்கா அமைந்தாள். சித்தி அவளைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில், "சங்கிலி, கம்மல் எல்லாம் கழட்டிடுங்க" என்றாள். அக்கா கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அப்புறம் கேட்டாள். "ஏம்மா, கேமரா பிடுங்கிட்டுப் போயிடுமா?"

பிறர் படத்தைப் பற்றிச் சொல்லும் முறை வந்தபோது அதைவிட வேடிக்கை. டிரைவர் தன் பஸ்ஸின் கண்ணாடியில் விழுந்த மழையை எடுத்திருந்தார். "இதுல உங்களுக்கு என்ன தெரியுதும்மா?" என்று டீச்சர் கேட்டாள். சித்தி எழுந்து போய், தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரம் ஓரமாகப் பார்த்து, ஒரு முழு நிமிஷம் எடுத்துக்கொண்டு, "டீச்சர் சொல்லுவாங்க" என்றாள். அறை சிரித்தது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

ஆனாலும் பாடங்களை அவள் கற்ற வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் விட வேண்டும், எந்தத் தூரத்தில் நின்றால் துல்லியம் என்பதெல்லாம் அவளுக்கு உடனே பிடிபட்டன. அவள் படங்களில் புருவ முடியை எண்ணலாம். டீச்சருக்கே ஆச்சரியம். சித்தி தெம்பாக இருந்தாள். லீவு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கை இன்னும் வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது ஞாயிறு, ஒரே ஆளை ஐந்து விதமாக எடுத்துவர வேண்டும். சித்தி சித்தப்பாவை எடுத்துப் பெரிதாக அச்சுப்போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். சுவரில் ஐந்தையும் வரிசையாக ஒட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

 மாணவர்களில் ஒருவன், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி இருக்கிறது என்றான். இன்னொருத்தி, இல்லை, தண்ணீருக்கு அடியில் எடுத்த மாதிரி இருக்கிறது என்றாள். பேக்கரிக்கார அக்கா, "யாரும்மா இவரு, உங்க மேலதிகாரியா?" என்று கேட்டு, வீட்டுக்காரர் என்று நான் மெல்லச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் இன்னும் நேராகச் சொன்னாள். வெளிச்சம் சரி, துல்லியம் சரி, ஒரு முடிகூட ஆடவில்லை, ஆனால் உள்ளே ஆள் இல்லை. சித்தியின் கைகள் மடியில் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டன.

டிரைவர் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே போய் நின்றார். தன் விலாவைத் தடவிக்கொண்டார். திரும்பி, "அம்மா, நீங்க பெரிய ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அம்மாதானே? போன வருஷம் நான் படியில வழுக்கி விழுந்தேன். நீங்கதான் எடுத்தீங்க" என்றார்.

வாய்ப்பூட்டு. சித்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அன்னிக்கு என் மூஞ்சி இப்படித்தான் இருந்திருக்கும்."

சிரிப்பு வந்தது. ஆனால் டிரைவர் சிரிக்கவில்லை. "இல்லங்க, நிஜமாத்தான் சொல்றேன். இவருக்குக் கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கறாரு, அவ்வளவுதான். இவங்க 'விடுங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே எடுத்துடறாங்க."

சித்தி விதியை மறந்தாள். "அசைஞ்சா படம் கெட்டுப்போயிடுமே" என்றாள்.

டீச்சர், முந்தைய வாரங்களில் சித்தி எடுத்த படங்களை உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் பரப்பினாள். பேக்கரிக்கார அக்கா, நான், நூலகத்துக் காவலாளி, அடுத்த வீட்டுத் தையல்காரர். எல்லோரும் மோவாயை உயர்த்தி, கன்னத்தில் காற்றை அடக்கி, அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சித்தி கடைத்தெரு முடிந்து எங்கள் தெரு திரும்பும் இடத்தில் நின்றாள்.

"டேய் பூனை. நான் பிடிங்கன்னு சொல்றேனா?"

"சொல்ற சித்தி."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"அப்புறம் ஏண்டா நீ சொல்லல?"

 கூடவே இருந்ததால் அது எனக்குக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம்போல ஆகியிருந்தது. சத்தமாக எதையும் சொல்லிப் பழக்கமும் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானே யாருக்கும் ஒண்ணும் சொல்லாம இருபத்தெட்டு வருஷம் ஓட்டிட்டேன். எனக்குன்னு வந்து வாச்சது பாரு" என்றாள். திட்டுவது மாதிரி இல்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தாள்.

அன்று சாப்பிடும்போது சித்தப்பாவிடம் விசாரணை நடந்தது. நான் பிடிங்கன்னா நீங்க ஏன் பிடிச்சீங்க என்று சித்தி கேட்க, "நீ சொன்னே, பிடிச்சேன்" என்றார் அவர்.

"மூச்சு முட்டலையா?"

"முட்டிச்சு."

"அப்புறம்?"

"படத்தை எடுத்ததும் நீ கேமராவைப் பாத்துட்டே உள்ள போயிடுவே. நான் கொஞ்ச நேரம் பாத்துட்டு, நானா விட்டுக்குவேன்."

சித்தி சோற்றில் கை வைத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே இருப்பது ஒரு மாதிரி இருந்தது. தண்ணீர் எடுத்துவரப் போனேன்.

குறை தெரிந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். தீரவில்லை. அவள் விரல் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் 'பிடிங்க'வுக்கும் 'விடுங்க'வுக்கும் நடுவில் அழுத்திப் பழகிய விரல், அந்த இடம் வந்ததும் தானாக அழுத்தியது. பேசாமலே எடுத்துப் பார்த்தாள். அவள் பேசாமல் கேமராவைத் தூக்கினால் நாங்களாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வெறும் 'விடுங்க' மட்டும் சொல்லிப் பார்த்தாள். சித்தப்பா அதற்கென்றே காத்திருந்தவர்போல ஒட்டுமொத்தமாக விட்டார். அந்தப் படத்தில் காற்றுப் போன டயர் மாதிரி, கண்ணும் மூடி, தோளும் தொங்கி உட்கார்ந்திருந்தார். "இதை அனுப்பினா அடுத்த வண்டியிலயே ஓடி வந்துடுவா, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு" என்றாள் சித்தி. ஒரு கணம் அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள். பிறகு அழித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலும் குழப்பம். ஒரு முதியவரை நிறுத்திவிட்டு, எடுத்த எடுப்பில், "ம், விடுங்க" என்றாளாம். அவர் திரும்பி, "இன்னும் பிடிக்கவே இல்லையேம்மா" என்றாராம். நல்லவேளை, பொத்தானை அழுத்தவில்லை.

ஆறாவது வகுப்புக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மத்தியானம். ஒரு தண்ணீர் பம்ப் மோட்டார் அவசரமாக முடிய வேண்டியிருந்தது. சித்தப்பா பாதி காயில் சுற்றியிருந்தார். சித்தி கேமராவோடு போய் நின்றாள். நான் கடை ஓரத்தில் வார்னிஷ் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். ஒரே ஒரு படம் என்று கெஞ்சினாள். அவர் ஒரு விரலைத் தூக்கி, அந்த வரிசையை முடித்து, எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு நிமிர்ந்தார். அவளுக்கு வாயில் வந்தது அதேதான். "பிடிங்க." விரல் அழுத்தியது. வழக்கமான படம். "ம், விடுங்க" என்றாள், தோற்றுப்போன குரலில்.

அவர் முடிந்தது என்று நினைத்துக் கம்பியை எடுத்துக்கொண்டார்.

வழக்கமாக அந்த நேரத்தில் அவள் குனிந்து கேமராவின் திரையைப் பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னது நினைவில் இருந்திருக்க வேண்டும். அப்படியே நின்று அவரைப் பார்த்தாள். அவர் முதலில் இரண்டு சுற்று ஒரு மாதிரிச் சுற்றினார். மூன்றாவதில் அவளை மறந்துபோனார். எண் உதட்டுக்கு வந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலே புருவம் லேசாக ஏறியது. வாய் பாதி திறந்து, பாதி மூடி, தூரத்தில் யாரோ சொல்கிற ஒன்றுக்கு 'உம்' கொட்டுகிறவர்போல ஆனார். அவர் எண்ணும்போது அப்படி இருப்பார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் தூக்கிய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம், முகத்தைப் பார்த்ததில்லை.

சித்தி எதுவும் சொல்லாமல் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மாடிக்கு ஏறும்போது என்னிடம், "அவரு மூச்சு விடறது கேட்டுச்சுடா. அதைக் கேட்டுட்டே எடுத்தேன்" என்றாள்.

மறுநாள் அந்தப் படம் சுவரில் ஏறியது. சித்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். டீச்சர் எப்போதும்போல முதலில் குறைகளைக் கேட்டாள், எல்லோரும் தாராளமாகக் கொடுத்தார்கள். படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னால் தொங்கும் பல்பு அவர் தலையிலிருந்து முளைத்த மாதிரி இருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. கை முழுக்க ஆடிப்போய்ப் புகை மாதிரி தெரிகிறது. கையைச் சொன்னபோது சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'அசைஞ்சிருக்கு' என்று அவள் உதடு சொன்னது. அதில் வருத்தம் இல்லை.

எல்லோரும் முடித்ததும் பூட்டுத் திறந்தது. சித்தி எழுந்து நின்று, "குறை எல்லாம் சரிங்க. சாய்ஞ்சிருக்கு, பல்பு இருக்கு, எல்லாம் ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவரு கோபமா இருக்காரா?" என்றாள்.

எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல் எல்லோரும் விழித்தார்கள். வேலை மும்முரத்தில் இருக்கிறார் என்றாள் பேக்கரிக்கார அக்கா. கோபம் இல்லை என்றார் டிரைவர். ஒரு மாணவி, சொல்ல முடியவில்லை, வாய் கொஞ்சம் திட்டுகிற மாதிரியும் இருக்கிறது என்றாள். சித்தி டீச்சரைப் பார்த்தாள்.

"எங்களுக்கு அவரைத் தெரியாதேம்மா" என்றாள் டீச்சர். "யாருக்காக எடுத்தீங்களோ அவங்களைக் கேளுங்க."

"அதுக்குத்தான் பயமா இருக்கு" என்றாள் சித்தி.

அன்று சாயங்காலமே அனுப்பினோம். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, படம் மட்டும். தங்கை பார்த்துவிட்டாள் என்பது தெரிந்தது. பதில் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே இழுப்பறையில் கைபேசியை வைத்துவிட்டு, ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் போய்ப் போய்ப் பார்த்ததாகச் சித்தி சொன்னாள். அவ்வளவு காலம் ஜனங்கள் தன்னிடம் "என்னம்மா தெரியுது?" என்று எதற்காகக் கேட்டார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது என்றும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அண்ணா, அம்மா எங்க? அம்மா, அப்பாகிட்ட குடு."

இந்த எட்டு மாதத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை. சித்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு சோப்புக் கையோடு படியிறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். சித்தப்பா எண்ணிக்கொண்டிருந்தார். விரலைத் தூக்கினார். சித்தி அந்த விரலை மடக்கிவிட்டுப் போனை அவர் காதில் வைத்து அழுத்தினாள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவோரம் நின்றாள்.

உள்ளே வழக்கமான முதல் வாக்கியம் கேட்டது. "சாப்பிட்டியா?" இரண்டாவதற்குத் தங்கை இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"என்னது? எங்க? இதுவா?"

எட்டிப் பார்த்தோம். சித்தப்பாவின் கை அவர் மூக்குக் கண்ணாடிக்குப் போயிருந்தது. இடது பக்கக் காம்பு, மடங்குகிற இடத்தில், செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. நெருக்கமாக, ஒழுங்காக, காயில் மாதிரியே.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒன்பது பேர் அந்தப் படத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தோம். தலையில் முளைத்த பல்பைப் பார்த்தோம். அதே வீட்டில் இருக்கிற நாங்கள் இரண்டு பேரும் அதில் உண்டு. ஒருத்தர் கண்ணிலும் இது படவில்லை.

"அது ஒரு மாசம் ஆச்சு. திருகு எங்கயோ விழுந்துடுச்சு. நல்லாத்தான் நிக்குது... உங்கம்மாவா? அவ கவனிக்கல. அவளுக்கு ஆயிரம் வேலை. அவளைத் திட்டாதே." அவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். பிறகு, "கோபமா? யாரு மேல? ... நான் எப்ப சொன்னேன்? சரின்னுதானே சொன்னேன். சரின்னா சரின்னுதான் அர்த்தம்."

சித்தி சோப்புக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"நீ எப்ப வரே? ... சரி, நீயே வந்து கூட்டிட்டுப் போ கண்ணாடிக் கடைக்கு. அதுவரைக்கும் இதையே போட்டுக்கறேன். ... பத்து நாளா? பத்து நாள்ல என்ன பாக்கறது? ... ம். ... ம்."

மூன்று வாக்கியம் எப்போதோ தாண்டிவிட்டது. பிறகு அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்; தாழ்த்தியதும் எங்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்டது.

"படமா? உங்கம்மா காமிச்சா, பாத்தேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா மோட்டாரைப் பாதியில வெட்டிட்டா. மூணு நாள் வேலை அது. என் மூஞ்சியை யாரு பாக்கப் போறாங்க?"

"பாத்தியாடா" என்றாள் சித்தி மெல்ல. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

நான் மாடிக்குப் போகலாம் என்று திரும்பினேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, படியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காரு. இன்னும் என்னென்ன குறை சொல்றாருன்னு கேப்போம்."